இத்தாலிய இசை நாடக மேதை வெர்டி

ஓய்வு பெற்ற பிறகு புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ள முடியுமா என்ற சந்தேகம் நம்மில் பலருக்கு உண்டு. மத்திய அரசுப் பணியில் முப்பத்தைந்து ஆண்டுகள் கோப்புகளோடு காலம் கழித்த எனக்கும் அது இருந்தது. சில வருஷங்களுக்கு முன் என் மகள் இத்தாலிய ஓபரா இசைத்தட்டுகள் சிலவற்றை வாங்கிக் கொடுத்தாள். உண்மையைச் சொன்னால், முதலில் கேட்டபோது எல்லோரும் ஏன் இப்படி உச்ச ஸ்தாயியில் கத்துகிறார்கள் என்றுதான் தோன்றியது. நான் விஞ்ஞானப் பட்டதாரி. ஒரு யந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் அதில் எனக்கு ஈடுபாடு வரும். ஆகவே கதையை முதலில் படித்து, யார் எந்தக் கட்டத்தில் எதற்காகப் பாடுகிறார் என்று குறித்துக்கொண்டு மறுபடியும் கேட்டேன். கத்தலாகத் தோன்றியது கதறலாகவும் கெஞ்சலாகவும் கேலியாகவும் பிரிந்து கேட்கத் தொடங்கியது.

அப்படிக் கேட்டதில் என்னை மிகவும் கவர்ந்தவர் ஜுசெப்பே வெர்டி (1813-1901). தம் எழுபத்து மூன்றாவது வயதில் ஒரு மகத்தான ஓபராவையும், எழுபத்தொன்பதாவது வயதில் அதற்கு முற்றிலும் மாறான இன்னொன்றையும் அரங்கேற்றியவர். இப்போது எனக்கு வயது எழுபத்து நான்கு. அவரைப் பற்றி நம் அங்கத்தினர்களோடு பகிர்ந்துகொள்ள ஆசைப்படுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஓபரா பிறந்த கதை

வெர்டி செய்தது என்ன என்று புரிய, ஓபரா எப்படிப் பிறந்தது என்பதைச் சற்றுப் பார்க்க வேண்டும். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் ஃப்ளாரன்ஸ் நகரத்து அறிஞர்கள் சிலர், பண்டைய கிரேக்க நாடகங்கள் இசையோடுதான் நடிக்கப்பட்டன என்று நம்பினார்கள். அதை மீட்க முயன்றபோது பிறந்ததே ஓபரா. யாக்கொப்போ பெரி என்பவர் இசையமைத்த ‘யூரிதீச்சே’ 1600ல் ஃப்ளாரன்ஸிலும், மான்டிவெர்டியின் ‘ஓர்ஃபேயோ’ 1607ல் மான்டுவா அரசவையிலும் நடந்தன. சொல் தெளிவாகக் கேட்க வேண்டும், இசை அதற்குத் துணை நிற்க வேண்டும் என்பதே அவர்களுடைய கொள்கை.

1637ல் வெனிஸ் நகரில் காசு கொடுத்து யாரும் பார்க்கக்கூடிய முதல் ஓபரா அரங்கம் திறக்கப்பட்டது. ஜனங்கள் வந்தார்கள், பிரபல பாடகர்களுக்கு மவுசு வந்தது. நாளடைவில் பாடகரே எஜமானர் ஆனார். கதை நடுவழியில் நிற்க, கதாநாயகி முன்னால் வந்து தன் குரல் வித்தைகளைக் காட்டி, கைதட்டல் வாங்கிக்கொண்டு போவாள். வெர்டி வாலிபராக இருந்த காலத்தில் ரொஸ்ஸினி, பெல்லினி, டோனிசெட்டி ஆகிய மேதைகள் அமைத்த அழகான முறை ஒன்று வழக்கில் இருந்தது. முதலில் நிதானமான பாட்டு. பிறகு ஒரு செய்தியோ நிகழ்ச்சியோ குறுக்கிடும். அதன்மேல் வேகமான முடிவுப் பாட்டு. கேட்க சுகமானதுதான். ஆனால் எந்தக் கதையானாலும் அந்த அச்சிலேயே வார்க்க வேண்டியிருந்தது. பாடகரிடமிருந்து நாடகத்தை மீட்டு மறுபடியும் எஜமானனாக்க ஐம்பது ஆண்டுகள் உழைத்தவர் வெர்டி.

இளமையும் இழப்பும்

1813 அக்டோபரில், பார்மா பிரதேசத்தில் புசெட்டோ என்ற சிற்றூருக்கு அருகே ரோன்கோலே கிராமத்தில் பிறந்தார். தகப்பனார் சிறிய சத்திரம் ஒன்று நடத்தி வந்தார். அப்போது அந்தப் பகுதி நெப்போலியனின் ஆட்சியில் இருந்ததால், இத்தாலியின் தேசியச் சின்னமாக விளங்கப் போகும் அந்தக் குழந்தையின் பிறப்புப் பதிவு பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்டது. சிறு வயதிலேயே கிராமத்துச் சர்ச்சில் ஆர்கன் வாசிக்கத் தொடங்கினார். பையனின் திறமையைக் கண்டு ஆதரித்தவர் புசெட்டோ வியாபாரி அந்தோனியோ பரேட்சி. அவர் சங்கீதப் பித்தர். தம் வீட்டிலேயே இடம் கொடுத்தார்.

1832ல் பதினெட்டு வயதில் மிலான் இசைக் கல்லூரிக்கு விண்ணப்பித்தார். அனுமதிக்கும் வயதைத் தாண்டிவிட்டது, வேற்று ராஜ்யத்தவர், பியானோவில் கை வைக்கும் முறை சரியில்லை என்றெல்லாம் காரணம் காட்டி மறுத்துவிட்டார்கள். இன்று அந்தக் கல்லூரி வெர்டியின் பெயரையே தாங்கி நிற்கிறது. விதிமுறைப்படி கோப்புகளில் ‘நிராகரிக்கப்பட்டது’ என்று எழுதிப் பழகிய என் போன்றவர்கள் இதைச் சற்று யோசிக்க வேண்டும்! பரேட்சி தம் செலவில் மிலானிலேயே வின்சென்ஸோ லவீன்யா என்ற ஆசிரியரிடம் தனியாகப் படிக்க ஏற்பாடு செய்தார்.

1836ல் பரேட்சியின் மகள் மார்கரீட்டாவை மணந்தார். ஒரு பெண், ஒரு பிள்ளை என இரண்டு குழந்தைகள் பிறந்தன. 1838 ஆகஸ்டில் பெண் குழந்தை இறந்தது. 1839 அக்டோபரில் பிள்ளை இறந்தான். 1840 ஜூனில் மனைவியும் நோய்வாய்ப்பட்டுக் காலமானார். இருபத்திரண்டு மாதங்களில் குடும்பமே போய்விட்டது. அப்போது அவருக்கு வயது இருபத்தாறு.

இதற்கிடையே, 1839 நவம்பரில் அவருடைய முதல் ஓபரா ‘ஒபெர்தோ’ மிலானின் புகழ்பெற்ற லா ஸ்காலா அரங்கில் ஓரளவு நன்றாகவே போயிற்று. அரங்க நிர்வாகி மெரெல்லி அடுத்து ஒரு ஹாஸ்ய ஓபராவுக்கு ஒப்பந்தம் செய்திருந்தார். வீட்டில் மூன்று மரணங்கள்; மேஜை மேல் நகைச்சுவை நாடகம். ஒப்பந்தத்தை மீற முடியாமல் எழுதி முடித்தார். 1840 செப்டம்பரில் மேடையேறிய அது படுதோல்வி அடைந்தது. ஒரே இரவோடு நிறுத்தப்பட்டது. இனி இசையமைப்பதே இல்லை என்று வெர்டி தீர்மானித்தார்.

மெரெல்லி விடவில்லை. பாபிலோனில் சிறைப்பட்ட யூதர்களைப் பற்றிய ‘நபூக்கோ’ என்ற நாடகப் பிரதியைக் கையில் திணித்து அனுப்பினார். நாட்டை இழந்தவர்கள் தம் மண்ணை நினைத்து ஏங்கும் கோரஸ் பாட்டு வெர்டியின் மனதை அசைத்தது. 1842 மார்ச் 9ல் அரங்கேறிய ‘நபூக்கோ’ அவரை ஒரே நாளில் பிரபலமாக்கியது. அந்த ஆண்டு இலையுதிர்காலத்தில் மட்டும் லா ஸ்காலாவில் 57 முறை நடந்தது. அன்று வட இத்தாலியின் பெரும் பகுதி ஆஸ்திரியர் வசம் இருந்தது. அந்தக் கோரஸ் பிற்காலத்தில் இத்தாலியர்களுக்குத் தேசிய கீதம் போலவே ஆகிவிட்டது.

பாட்டுக்காக அல்ல, பாத்திரத்துக்காக

அடுத்த பதினோரு ஆண்டுகளில் பதினாறு ஓபராக்கள். ஓய்வில்லாத அந்தக் காலத்தைக் கப்பலில் துடுப்பு வலிக்கும் அடிமையின் வாழ்வோடு அவரே ஒப்பிட்டிருக்கிறார். ஆனால் இந்த ஓட்டத்திலும் அவர் விடாப்பிடியாக ஒரு விஷயத்தைக் கற்றுக்கொண்டு வந்தார். எந்த இடத்தில் பாட்டு நிற்க வேண்டும், எந்த இடத்தில் கதை ஓட வேண்டும் என்பதே அது. ஓபராவுக்கான நாடகப் பிரதியை இத்தாலியர் லிப்ரெட்டோ என்பார்கள். அதை எழுதுபவர்களிடம் வெர்டி கேட்டதெல்லாம் சுருக்கம், சுருக்கம், மேலும் சுருக்கம். ஒரு காட்சியின் நிலைமையைப் பளிச்சென்று காட்டும் ஒரு சொல் கிடைத்தால், அதற்காக அழகான கவிதை வரிகளையும் தியாகம் செய்யத் தயாராக இருந்தார்.

1847ல் ஃப்ளாரன்ஸில் ஷேக்ஸ்பியரின் ‘மக்பெத்’தை ஓபராவாக்கினார். கொலை நடந்த இரவில் கணவனும் மனைவியும் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வது போன்ற பாட்டை நூற்றைம்பது தடவைக்கு மேல் ஒத்திகை பார்க்க வைத்தார் என்று அதில் நடித்த பாடகி பின்னாளில் நினைவு கூர்ந்திருக்கிறார். மறு ஆண்டு நேப்பிள்ஸில் அதே ஓபராவுக்கு மிக இனிய குரலும் அழகிய தோற்றமும் கொண்ட ஒரு பாடகியைத் தேர்ந்தெடுத்தபோது, வெர்டி ஆட்சேபித்துக் கடிதம் எழுதினார். லேடி மக்பெத்தின் குரல் கரகரப்பாக, கேட்பவரை அச்சுறுத்துவதாக இருக்க வேண்டும், இந்த அம்மாள் அளவுக்கு மீறி நன்றாகப் பாடுகிறாரே என்பது அவருடைய குறை! குரல் இனிமைக்காகவே ஓபராவுக்குப் போன காலத்தில் இப்படிச் சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும்!

1851ல் வெனிஸில் அரங்கேறிய ‘ரிகொலெட்டோ’ அவருடைய நாடக ஞானத்துக்குச் சிறந்த உதாரணம். விக்டர் ஹ்யூகோவின் நாடகம் ஒன்றே மூலம். பிரெஞ்சு அரசன் ஒருவனை ஒழுக்கம் கெட்டவனாகக் காட்டியதால் அது பாரிஸில் 1832ல் ஒரே நாளில் தடை செய்யப்பட்டது. வெனிஸை ஆண்ட ஆஸ்திரியத் தணிக்கையாளர்களும் தடுத்தார்கள். பல மாதப் பேச்சுக்குப் பின், பிரெஞ்சு அரசன் மான்டுவாவின் பிரபு ஆனான். வெர்டி பெயர்களையும் ஊரையும் விட்டுக்கொடுத்தார். ஆனால் நாயகன் கூன் முதுகு கொண்ட அரசவைக் கோமாளி என்பதையும், கடைசிக் காட்சியில் வரும் சாக்கு மூட்டையையும் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

அந்தக் கடைசிக் காட்சியைப் பாருங்கள். தன் மகளைக் கெடுத்த பிரபுவைக் கொல்லக் கோமாளி ரிகொலெட்டோ கூலிக் கொலைகாரனை அமர்த்துகிறான். நள்ளிரவில் சாக்கு மூட்டை கைக்கு வருகிறது. ஆற்றில் தள்ளப் போகும் நேரத்தில், தூரத்தில் யாரோ அலட்சியமாகப் பாடிக்கொண்டு போவது கேட்கிறது. சற்று முன் பிரபு பாடிய, பெண்களின் மனம் நிலையற்றது என்னும் அதே குதூகலப் பாட்டு! பிரபு உயிரோடிருக்கிறான் என்றால் மூட்டைக்குள் யார்? பிரபுவைக் காப்பாற்றத் தன் உயிரைக் கொடுத்த ரிகொலெட்டோவின் மகள்தான். உலகெங்கும் பலர் முணுமுணுக்கும் அந்த இலேசான மெட்டு, அந்த இடத்தில் மரண அறிவிப்பாக மாறுகிறது. ஒரு வசனம்கூட தேவைப்படவில்லை. இதே அங்கத்தில் நான்கு பேர் ஒரே சமயத்தில் பாடும் இடமும் உண்டு. ஒருவன் சரசமாட, ஒருத்தி சிரிக்க, ஒருத்தி நெஞ்சுடைய, தகப்பன் பழி வாங்கத் துடிக்கிறான். பேச்சு நாடகத்தில் நான்கு பேர் சேர்ந்து பேசினால் இரைச்சல்தான். இசையில் நான்கு மனங்களையும் ஒரே கணத்தில் திறந்து காட்ட முடிகிறது.

1853ல் வெனிஸில் ‘லா ட்ராவியாட்டா’ வந்தது. சமூகம் ஒதுக்கி வைத்த ஒரு பெண்ணின் காதலும் தியாகமும் காசநோயால் அவள் மரணமும் கதை. சமகாலத்துக் கதையாகவே நடிக்க வேண்டும் என்று வெர்டி விரும்பினார். ஆனால் கதையைப் பழைய காலத்துக்குத் தள்ளி, பழைய உடைகளோடுதான் அரங்கேற்றினார்கள். முதல் இரவு தோல்வி. மறு ஆண்டு அதே நகரில், வேறு அரங்கில், நல்ல பாடகர்களோடு நடந்தபோது பெரும் வெற்றி.

அவருடைய சொந்த வாழ்க்கையிலும் ஊர்ப்பேச்சு இருந்தது. ‘நபூக்கோ’வில் பாடிய ஜுசெப்பினா ஸ்ட்ரெப்போனியோடு திருமணம் செய்துகொள்ளாமலே பல ஆண்டுகள் வாழ்ந்தார், 1859ல்தான் மணந்துகொண்டார். புசெட்டோவில் அந்த அம்மாளை மதிக்காதவர்களை வெர்டி மன்னிக்கவே இல்லை. மாமனார் பரேட்சிக்கும் இதில் வருத்தம் இருந்தது. ஆனால் உறவு முறியவில்லை. 1867ல் பரேட்சி காலமானபோது வெர்டி அருகில் இருந்தார்.

ஐம்பத்தெட்டுக்குப் பிறகு

எகிப்து மன்னரின் வேண்டுகோளின்படி எழுதிய ‘ஐடா’ 1871 டிசம்பர் 24ல் கெய்ரோவில் அரங்கேறியது. சூயஸ் கால்வாய்த் திறப்பு விழாவுக்காக எழுதப்பட்டது என்று பலரும் சொல்வது தவறு. கால்வாய் 1869லேயே திறக்கப்பட்டுவிட்டது. பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டு, முற்றுகையிடப்பட்ட பாரிஸில் காட்சிச் சாமான்கள் சிக்கிக்கொண்டதால் அரங்கேற்றம் தாமதமாயிற்று. அப்போது வெர்டிக்கு வயது ஐம்பத்தெட்டு. நான் வேலையில் சேர்ந்த காலத்தில் நம் சர்க்காரின் ஓய்வு வயதும் அதுதான்!

அவரும் ஓய்வு பெற்றவர் போலவே ஆனார். எழுத்தாளர் மன்சோனியின் நினைவாக 1874ல் ‘ரெக்வியம்’ என்ற பிரார்த்தனை இசையை அளித்தார். மற்றபடி சான்ட் அகாத்தாவில் இருந்த தம் பண்ணையில் பயிர், மாடு, வாய்க்கால் என்று காலம் கழித்தார். ஜெர்மனியில் வாக்னரின் புதிய இசை நாடகங்கள் பேசப்பட்டன. இளைஞர்கள் வெர்டியைப் பழமை என்றார்கள். அவர்களில் ஒருவர் கவிஞரும் இசையமைப்பாளருமான அர்ரீகோ பொய்ட்டோ. இத்தாலியக் கலையின் பலிபீடம் மாசுபட்டுவிட்டது என்று 1863லேயே கவிதை பாடி வெர்டியின் மனதைப் புண்படுத்தியவர்.

பதிப்பாளர் ஜூலியோ ரிக்கார்டி 1879ல் இந்த இருவரையும் சேர்த்து வைக்க முனைந்தார். ஷேக்ஸ்பியரின் ‘ஒதெல்லோ’வைப் பொய்ட்டோ லிப்ரெட்டோவாக எழுதித் தந்தார். வெர்டி உடனே ஒப்புக்கொள்ளவில்லை. முதலில் தம் பழைய ஓபரா ஒன்றைத் திருத்த இளைஞரின் உதவியை நாடி அவரைப் பரீட்சித்தார். ஒதெல்லோ கறுப்பு இனத்தவன் என்பதால், வேலையைச் ‘சாக்லேட்’ என்ற சங்கேதப் பெயரால் கடிதங்களில் குறிப்பிட்டார்கள். 1884ல் ஒரு பத்திரிகை பொய்ட்டோ சொன்னதைத் திரித்து வெளியிட்டது. இதற்குத் தாமே இசையமைக்க முடியவில்லையே என்று பொய்ட்டோ வருந்தியதாக அது பொருள்பட்டது. வெர்டி கோபிக்கவில்லை; பிரதியைத் திருப்பித் தந்துவிடுகிறேன் என்று பெருந்தன்மையாக எழுதினார். பொய்ட்டோ அதை ஏற்க மறுத்து, இது உங்களுக்காக மட்டுமே எழுதப்பட்டது என்று பதில் போட்டார். தம்மைப் பழித்த, தம்மைவிட இருபத்தெட்டு வயது இளையவரோடு சமமாக உட்கார்ந்து வேலை செய்யும் பக்குவம் அந்த முதியவருக்கு இருந்தது.

1887 பிப்ரவரி 5ல் லா ஸ்காலாவில் ‘ஒதெல்லோ’ அரங்கேறியது. ஷேக்ஸ்பியரின் முதல் அங்கத்தை முழுவதும் நீக்கிவிட்டு, கடலில் வீசும் புயலோடு ஓபரா தொடங்குகிறது. கைதட்டலுக்காக எங்கும் நிற்பதில்லை. முதல் அங்கத்தில் கணவனும் மனைவியும் முத்தமிடும்போது வாத்தியங்களில் ஓர் இசை எழுகிறது. கடைசியில் தூங்கும் மனைவியைக் கொல்ல வரும்போதும், உண்மை தெரிந்து அவள் அருகில் தானும் உயிர்விடும்போதும் அதே இசை திரும்புகிறது. இசையே நினைவாக மாறிவிடுகிறது. வாத்தியக் குழுவில் செல்லோ வாசித்த பத்தொன்பது வயது இளைஞர், பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற இசை நடத்துநர் டோஸ்கானினி!

அடுத்து பொய்ட்டோ ஷேக்ஸ்பியரின் குண்டு நாயகன் ஃபால்ஸ்டாஃபைக் கொண்டுவந்தார். இந்த வயதில் தொடங்கி, முடிக்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்று வெர்டி தயங்கினார். பிறகு ஆசை வென்றது. 1893 பிப்ரவரி 9ல் ‘ஃபால்ஸ்டாஃப்’ மேடையேறியபோது அவர் வயது எழுபத்தொன்பது. குழந்தைகளையும் மனைவியையும் பறிகொடுத்த துக்கத்தில் எழுதித் தோற்றுப்போன அந்த ஹாஸ்ய ஓபராவுக்குப் பிறகு, ஐம்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து அதே லா ஸ்காலாவில் ஒரு ஹாஸ்ய ஓபராவால் சபையைச் சிரிக்க வைத்தார். முடிவில் பாத்திரங்கள் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக ஒரே மெட்டைப் பிடித்துக்கொண்டு, உலகமே ஒரு வேடிக்கைதான் என்ற பொருளில் பாடுகிறார்கள். ஷேக்ஸ்பியரின் ‘லியர் அரசன்’ கதையை ஓபராவாக்க வேண்டும் என்று பல ஆண்டுகள் நினைத்திருந்தார். அது மட்டும் நிறைவேறவில்லை.

கடைசிப் படைப்பு

வெர்டி தம் படைப்புகளில் மிகச் சிறந்ததாகக் கருதியது ஓபரா எதையும் அல்ல, ஒரு கட்டடத்தை! மேடையில் பாடியவர்களும் வாத்தியக்காரர்களும் குரலும் கையும் ஓய்ந்த பிறகு வறுமையில் வாடுவதை அவர் நேரில் கண்டிருந்தார். 1889ல் மிலானில் நிலம் வாங்கினார். பொய்ட்டோவின் அண்ணன் காமில்லோ கட்டடத்தை வடிவமைத்தார். வயது முதிர்ந்த ஏழை இசைக் கலைஞர்கள் சுமார் நூறு பேர் தங்கும் இல்லம் அது. தம் ஓபராக்களின் ராயல்டி வருமானத்தை அதன் பராமரிப்புக்கு எழுதி வைத்தார். தாம் உயிரோடு இருக்கும்வரை அதைத் திறக்கக் கூடாது என்று நிபந்தனை விதித்தார். தங்க வருபவர்கள் தமக்கு நன்றி சொல்வதைக் கேட்க அவர் விரும்பவில்லை.

1897ல் ஜுசெப்பினா காலமானார். 1901 ஜனவரி 27ல் மிலானில் ஓர் ஓட்டலில் வெர்டியும் காலமானார். இசை வேண்டாம், ஆடம்பரம் வேண்டாம் என்று எழுதி வைத்திருந்தபடி எளிமையாக அடக்கம் செய்தார்கள். ஒரு மாதத்துக்குப் பின் இருவர் உடல்களும் அந்த முதியோர் இல்லத்துக்கு மாற்றப்பட்டபோது நகரமே தெருவில் திரண்டது. சுமார் எண்ணூறு பேர் ‘நபூக்கோ’வின் அந்தக் கோரஸைப் பாட, நடத்தியவர் டோஸ்கானினி. வெர்டியின் பிறந்த நாளான 1902 அக்டோபர் 10ல் இல்லம் திறக்கப்பட்டது. இன்றும் நடக்கிறது. முதியவர்களோடு இசை மாணவர்கள் சிலரும் அங்கே தங்குகிறார்கள்.

இந்த இடத்தில் என் மனசாட்சி உறுத்துவதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் பணியாற்றிய வடநாட்டு ஊர் ஒன்றில், எங்கள் குடியிருப்புக் குழந்தைகளுக்கு வயலின் சொல்லிக் கொடுத்த ஒரு பெரியவர் இருந்தார். என் மகளும் அவரிடம் கற்றாள். விரல்கள் நடுங்கத் தொடங்கியதும் பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். பிறகு அவர் எங்கே போனார் என்று நாங்கள் யாரும் விசாரிக்கவில்லை. ஆயிரக்கணக்கான பென்ஷன் கோப்புகளில் கையெழுத்துப் போட்ட எனக்கு, பென்ஷனே இல்லாத ஒருவர் வாரம் இருமுறை என் வீட்டுக்கு வந்து போனார் என்பது அப்போது தோன்றவே இல்லை. வெர்டிக்குத் தோன்றியது. தம்முடைய பாட்டைப் பாடியவர்களின் முதுமை தமக்கும் பொறுப்பு என்று அவர் நினைத்தார்.

நம் அங்கத்தினர்கள் வாழும் ஊர்களில் இப்படிப்பட்ட ஆசிரியர்கள் நிச்சயம் இருப்பார்கள். ஒருமுறை போய்ப் பார்த்து வரலாமே! வெர்டியைக் கேட்க ஆசைப்படுபவர்கள் ‘ரிகொலெட்டோ’வின் கடைசி அங்கத்திலிருந்து தொடங்கலாம். கதையை முதலில் படித்துவிட்டுக் கேளுங்கள். தொலைவில் அந்தப் பாட்டு திரும்பக் கேட்கும் இடம் வரும்போது, மொழி தெரியாவிட்டாலும் உங்களுக்கே புரியும்.